மேலே கல்லு, கீழே புளிச்ச கறி: ஃப்ரிட்ஜ் டேம்பர் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கடலைப் பார்த்த ஒரு வீடு. அந்த அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டிச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, மேல சாளை மீன் கல்லு மாதிரி கெடக்கு. கீழ வச்ச கறி ஒரு ராத்திரி தாங்கமாட்டேங்கு." முந்தின வாரம் வந்து பார்த்த ஒருவர் கேஸ் இறங்கிவிட்டது, நிரப்ப வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார். கேஸ் இறங்கியிருந்தால் சாளை எப்படிக் கல்லாகும்? மேலே குளிர் இருக்கிறது, கீழே வந்து சேரவில்லை. அந்த வழியில் நிற்கும் சின்னக் கதவுக்குத்தான் டேம்பர் என்று பெயர்.

மார்த்தாண்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்க்கிறேன். "டேம்பர் போச்சு, மாத்தணும்" என்று யாரோ சொல்லி, அதற்கப்புறம் என்னைக் கூப்பிட்ட வீடுகள் பலவற்றில் டேம்பர் நன்றாகவே இருந்தது. பழுது அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவில்லாத சோதனைகள் முதலில், ஸ்க்ரூ டிரைவர் நடுவில், புது சாமான் வாங்குவது கடைசியில்.

உங்கள் ஃப்ரிட்ஜில் டேம்பர் இருக்கிறதா?

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் என்றால் பெரும்பாலும் மோட்டார் டேம்பர் கிடையாது. அதில் மேலே இருக்கும் ஐஸ் பெட்டியே குளிர் தரும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தானே கீழே இறங்கும். ஐஸ் பெட்டிக்குக் கீழே உள்ள தட்டில் ஒரு சிறு மூடி இருக்கும், அவ்வளவுதான். மழைக்காலத்துக்கு ஒரு நிலை, வெயில் காலத்துக்கு ஒரு நிலை என்று அதைக் கையால் மாற்றிக்கொள்வது. அது தப்பான பக்கம் இருந்தாலே கீழே குளிர் குறையும்.

டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ, அதாவது பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ரிட்ஜில் கதை வேறு. பெரும்பாலான மாடல்களில் கூலிங் காயில் ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக்குக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அதன் மேல் ஒரு ஃபேன். காயிலில் குளிர்ந்த காற்றை ஃபேன் இழுத்து ஃப்ரீசருக்குள் ஊதும். அதில் ஒரு பங்கு, டக்ட் என்னும் காற்றுக் குழாய் வழியாகக் கீழ் அறைக்கு இறங்கும். அந்த டக்ட்டின் வாயில் டேம்பர் திறந்து மூடும். கீழே போன காற்று சூடேறி, ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு, வேறொரு வழியாகத் திரும்ப காயிலுக்கு ஏறும். இந்தத் திரும்பும் வழியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழையாது. திரும்பும் வழி அடைத்துவிட்டால் டேம்பர் முழுசாகத் திறந்திருந்தும் பயனில்லை.

கீழ் அறைக்கும் மேல் அறைக்கும் தனித்தனிக் காயில் வைத்த மாடல்களும் உண்டு. அவற்றில் கீழே குளிரவில்லை என்றால் டேம்பரைத் தேட வேண்டாம். அந்த அறையின் ஃபேனையும் காயிலையும் பாருங்கள்.

டேம்பரில் நான் கண்ட வகைகள் நான்கு. ஒன்று, கையால் நகர்த்தும் வெறும் பிளாஸ்டிக் தகடு. இரண்டாவது, கேஸ் அடைத்த சிறு பெல்லோஸ், அதாவது துருத்தி வகை. கீழ் அறையின் சூட்டுக்குத் தக்க அதுவே விரிந்து சுருங்கித் தகட்டை நகர்த்தும், கரண்ட் வேண்டாம். மூன்றாவது, பழைய மாடல்களில் வரும் 230 வோல்ட் மோட்டார் வகை. நான்காவதுதான் இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருப்பது: 12 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாக நகரும் வகை), நான்கைந்து ஒயர், ஃப்ரிட்ஜின் மூளையான எலக்ட்ரானிக் போர்டு சொன்னால் திறக்கும், சொன்னால் மூடும்.

படி 1: அளந்து பாருங்கள்

"குளிரவே இல்லை" என்பது ஒரு அளவு இல்லை. கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பதும் அளவு இல்லை. ஃப்ரிட்ஜுக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கீழ் அறையின் நடுத் தட்டில் வையுங்கள். ராத்திரி வைத்தால் காலையில் முதல் தடவை கதவு திறக்கும்போது பாருங்கள். காற்றின் சூடு கதவு திறந்ததும் மாறிவிடும், தண்ணீர் மாறாது. அதனால்தான் டம்ளர்.

2 முதல் 5 டிகிரி வரை இருந்தால் கீழ் அறை சரி. 8 டிகிரிக்கு மேல் என்றால் கறி நிச்சயம் கெடும். 0 டிகிரியில் நின்று தண்ணீரின் மேல் ஐஸ் பிடித்திருந்தால் பழுது எதிர்ப்பக்கம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் அதே தெர்மாமீட்டரை ஃப்ரீசரில் உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே செருகி வையுங்கள். மைனஸ் 18 பக்கம் வர வேண்டும். மைனஸ் 10-ஐக்கூடத் தொடாமல் நின்றால், டேம்பரைப் பற்றி இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மேலேயே குளிர் இல்லாதபோது கீழே எதை இறக்குவது? அது கேஸ், கம்ப்ரசர், ஃபேன், அல்லது காயில் மூடிய பனி. மேலே நல்ல குளிர், கீழே இல்லை என்றால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: கதவும் தட்டும் பட்டனும்

முதலில் தட்டுகளைப் பாருங்கள். பின்சுவரில் நீளவாக்கில் துளைகள் இருக்கும், காற்று அங்கிருந்துதான் வரும். நம் ஊர் ஃப்ரிட்ஜ்களில் அந்தத் துளைக்கு நேர் முன்னால் தேங்காய் துருவல் டப்பா, மாவுச் சட்டி, மரச்சீனிக் கிழங்குப் பை என்று அடுக்கியிருக்கும். கீழே காய்கறிப் பெட்டிக்குப் பின்னால் திரும்பும் துளையை ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டி மூடியிருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வரும் "ஃப்ரிட்ஜ் குளிரல்ல" போன்களில் சிலதை, "கேக் டப்பாவைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்க" என்றே முடித்திருக்கிறேன்.

கதவு ரப்பருக்கு ரூபாய் நோட்டுச் சோதனை. நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். பிடித்து வர வேண்டும், வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சுற்றிலும் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தடவை பாருங்கள். நம் மாவட்டத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இரண்டும் நமக்கு உண்டு. நடுவில் காய்வதற்கு அவகாசம் குறைவு. அந்த ஈரக்காற்று ரப்பர் வழியாக உள்ளே போனால், உறைந்து பனியாகப் பிடிக்கும் இடங்களில் ஒன்று டேம்பரின் வாய்.

இனி பட்டன். இதில்தான் நன்றாகப் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பல டபுள் டோர் மாடல்களில் இரண்டு கட்டுப்பாடுகள் இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் குளிரைக் கூட்டுவதற்கு என்றுதான் நினைப்போம். உண்மையில் ஒன்று கம்ப்ரசரின் தெர்மோஸ்டாட், மற்றது காற்றைப் பங்கு வைக்கும் தகடு. ஃப்ரீசரில் உள்ள நெம்பை "அதிகம்" பக்கம் தள்ளினால், பல மாடல்களில் அது செய்வது கீழே போகும் காற்றைக் குறைத்து மேலேயே தக்கவைப்பதுதான். சித்திரை வெயிலில் கீழே குளிர் போதவில்லை என்று மேல் நெம்பைக் கடைசி வரை தள்ளுவார்கள். கீழே இன்னும் சூடாகும். பயந்துபோய்க் கம்ப்ரசர் பழுது என்று முடிவு செய்வார்கள். நெம்பை நடுவில் வைத்து, ஒரு நாள் முழுக்கப் பொறுத்துப் பாருங்கள்.

படி 3: காற்று வருகிறதா?

கதவைத் திறந்ததும் பல மாடல்களில் ஃபேன் நின்றுவிடும். அதனால் துளையருகே கை வைத்து "காற்றே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கதவுச் சட்டத்தில் உள்ள சுவிட்சை விரலால் அழுத்திப் பிடியுங்கள், அல்லது டேப் ஒட்டுங்கள். மேல் கதவு, கீழ்க் கதவு இரண்டுக்கும். சுவிட்ச் கண்ணில் படவில்லை என்றால் அது காந்த வகை. கதவு மூடும்போது காந்தம் வந்து நிற்கும் இடத்தில் ஒரு சிறு காந்தத்தைக் காட்டினால் போதும்.

இப்போது டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து மேலே ஃப்ரீசர் துளையிலும் கீழ் அறைத் துளையிலும் பிடியுங்கள். சிலர் ஊதுபத்தி கொளுத்திப் பார்ப்பார்கள். வேண்டாம். இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ் பலவற்றில் இருக்கும் கேஸ் ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் சொந்தக்காரன். சமையல் கேஸில் வாடை சேர்த்திருப்பதால் கசிந்தால் தெரியும். இதில் அந்த வாடையைச் சேர்ப்பதில்லை. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது, நெருப்புக்குத் தெரியும்.

மேலே பேப்பர் படபடக்கிறது, கீழே தொங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் டேம்பரோ டக்ட்டோதான். மேலேயும் கீழேயும் இரண்டிலும் மந்தமாக ஆடினால் காயில் பனியால் மூடியிருக்கும், காற்று நுழைய இடமில்லை. இரண்டிலும் அசைவே இல்லை என்றால் ஃபேன். ஆனால் ஃபேன் எல்லா நேரமும் ஓடாது. கம்ப்ரசர் ஓய்வில் இருக்கலாம், பனி உருக்கும் நேரமாக இருக்கலாம். கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்கும்போது மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கீழ் அறை ஏற்கெனவே போதுமான குளிரில் இருந்தாலும் டேம்பர் மூடித்தான் இருக்கும், அது அதன் வேலை. அதனால் தெர்மாமீட்டர் 8-க்கு மேல் காட்டும்போது வரும் முடிவுதான் நம்பத்தக்கது.

படி 4: காதை வையுங்கள்

ஸ்டெப்பர் மோட்டார் உள்ளவற்றுக்கு இது நல்ல சோதனை, ஒரு காசு செலவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் விடுங்கள். உடனே மாட்டினால் கம்ப்ரசர் சிரமப்படும். பத்து நிமிஷம் கழித்து மிக்ஸி, ஃபேன், டிவி எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, கீழ் அறையின் மேல்பக்கம், காற்று வரும் இடத்தில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னொருவரை பிளக்கை மாட்டச் சொல்லுங்கள்.

பல மாடல்களில் கரண்ட் வந்ததும் போர்டு டேம்பரை ஒரு தடவை முழுசாக மூடித் திறந்து தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். மெல்லிய "டிர்ர்ர்" என்று ஒரு சத்தம், கொசு பாத்திரத்துக்குள் மாட்டிக்கொண்டது மாதிரி. கடைசியில் முட்டி நின்று இரண்டு மூன்று "டிக்" கேட்டாலும் தப்பில்லை. சத்தம் கேட்டு, அப்புறம் பேப்பரும் ஆடினால் மோட்டாரும் தகடும் நலம். "டிர்ர்ர்" கேட்கிறது, காற்று மாறவே இல்லை என்றால் தகடு பனியில் ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். நிற்காமல் "டக் டக் டக்" என்று அடித்தால் தகடு எதிலோ மோதுகிறது. சத்தமே இல்லை என்றால் ஒயர், மோட்டார், போர்டு மூன்றில் ஒன்று. சில மாடல்கள் இப்படி ஓட்டிப் பார்ப்பதில்லை, ஆகையால் சத்தம் இல்லை என்பதை மட்டும் வைத்து மோட்டாரைக் கழற்றிவிடாதீர்கள்.

படி 5: முழுசாக உருகவிடுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாப் படிகளிலும் பெரியது இதுதான். எல்லாரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

மீனைப் பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து, முன்னால் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டு ஒரு முழு நாள் விடுங்கள். அடியில் பழைய துணி. அவசரம் என்றால் ஃப்ரீசருக்குள் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வையுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதுவும் பனிக்கு அருகே போகக்கூடாது. உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய், அதற்குள் இருப்பது எரியும் கேஸ். சின்னத் துளை விழுந்தாலும் அந்த ஃப்ரிட்ஜின் கணக்கு வேறு ஆகிவிடும்.

உருகிய பிறகு மாட்டி ஓட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். கீழே இன்னமும் குளிர் வரவில்லை என்றால் பனி காரணமில்லை, படி 6-க்குப் போங்கள். கீழே ஜம்மென்று குளிர்ந்து, சில நாளோ இரண்டு வாரமோ கழித்து மறுபடி பழைய கதை தொடங்கினால், டேம்பர் குற்றவாளி இல்லை. பனி எங்கிருந்தோ வருகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பனியின் உருவத்தைப் பார்த்தே அதைச் சொல்லலாம். ஃப்ரீசரின் பின்சுவர் பிளாஸ்டிக்கைக் கழற்றும்போது காயில் முழுக்க வெள்ளையாக, பஞ்சு அடைத்த தலையணை மாதிரி பனி மூடியிருந்தால், பனி உருக்கும் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஹீட்டர், பைமெட்டல் (சூட்டுக்குத் தக்க ஹீட்டரை வெட்டும் சுவிட்ச்), தெர்மல் ஃப்யூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் ஃப்யூஸ்), பழைய மாடலில் டைமர், புது மாடலில் காயில் சென்சார், இதில் ஒன்று. அந்தப் பழைய டைமர் பொதுவாக 6 முதல் 12 மணி நேரக் கம்ப்ரசர் ஓட்டத்துக்கு ஒரு முறை ஹீட்டரைப் போடும். கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ் கட்டியாக நின்றால் அது பனி இல்லை, தண்ணீர். உருகிய தண்ணீர் வெளியே போகும் ஓட்டை அடைத்து, தேங்கி, மறுபடி உறைந்திருக்கிறது. அது ஏறி ஏறித் திரும்பும் வழியையும் அடைக்கும். காயிலில் தொடக்கத்து இரண்டு மூன்று வளைவில் மட்டும் பனி, மீதி வெறும் குழாய் என்றால் கேஸ் குறைவு. டேம்பர் வாயில் மட்டும் சின்னதாக வளையம் போலப் பிடித்திருந்தால் கதவு ரப்பர், அல்லது டேம்பர் உறையாமல் இருக்கச் சில மாடல்களில் வைத்திருக்கும் குட்டி ஹீட்டர்.

என் சொந்தப் பிழை ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் கீழே குளிரவில்லை என்று டேம்பரை மாற்றினேன். ஒன்பதாம் நாள் போன் வந்தது, பழையபடி ஆகிவிட்டதாம். போய்த் திறந்தால் அடியில் கண்ணாடி ஐஸ். தண்ணீர் ஓட்டையில் ஒரு வெள்ளை உருண்டை. போன தடவை டக்ட்டைக் கழற்றியபோது உதிர்ந்த தெர்மாகோல் துண்டு, என் கையால் உதிர்ந்ததுதான். டேம்பருக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம், ஃப்ரீசர் பக்கம் கை வைத்த ஒவ்வொரு வேலையிலும், மூடுவதற்கு முன் அந்த ஓட்டையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பின்னால் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டில் வந்து விழுகிறதா என்று பார்க்காமல் மூடுவதில்லை.

படி 6: திறந்து பார்ப்பது

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கழற்றும் முன்னால் போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேம்பர் பெரும்பாலும் கீழ் அறையின் மேல் பின்பக்கம், விளக்கும் பட்டனும் உள்ள பெட்டிக்குள்ளோ, இரண்டு அறைக்கும் நடுத்தட்டிலோ இருக்கும். ஸ்க்ரூக்கள் சின்ன பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். குளிரில் இருக்கும் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி உடையும், அதனால் அறைச் சூட்டுக்கு வரும் வரை பொறுங்கள். உள்ளே தெர்மாகோல் டக்ட், அதைச் சுற்றி அலுமினிய டேப். டேப்பை மெதுவாக உரியுங்கள்.

தகட்டைப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய பஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கும், அது கிழிந்திருந்தால் தகடு மூடியும் காற்று கசியும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் தெர்மாகோல் துணுக்கு மாட்டியிருக்கிறதா பாருங்கள். அச்சு முறிந்து தகடு ஒரு பக்கம் தொங்குகிறதா? கையால் நகர்த்தும் வகை என்றால் பட்டனைத் திருப்பினாலே தகடு நகர்வது தெரிய வேண்டும். பட்டன் சுற்றுகிறது, தகடு நிற்கிறது என்றால் நடுவில் உள்ள பிளாஸ்டிக் கம்பி உடைந்திருக்கிறது. பெல்லோஸ் வகை என்றால் அதன் குழாய் நுனியை ஐஸ் தண்ணீரில் போடுங்கள், தகடு மூடும் பக்கம் நகரும். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் திறக்கும். இரண்டுக்கும் அசையாவிட்டால் அதன் கேஸ் போய்விட்டது, அதைச் சரிசெய்ய வழியில்லை, புதுசுதான்.

மோட்டார் வகைத் தகட்டை விரலால் தள்ளிப் பார்க்காதீர்கள். பல்சக்கரம் பிளாஸ்டிக். நன்றாக இருந்த டேம்பர், "அசையுதான்னு பாத்தேன்" என்று சொன்னவர் கையிலேயே செத்ததுண்டு.

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியில் தொடங்கி, நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மூடிய ஃப்ரிட்ஜுக்குள் மீனும் ஈரமும் அப்படியே கிடந்தன. கரண்ட் வந்தபின் நான் திறந்த டக்ட்களில் பஞ்சுப் பட்டை பூஞ்சை பிடித்துச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் முக்கி முனகியது, தகடு வரவில்லை. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவைத்ததும் பலதும் ஓடின. நீண்ட மின்தடைக்குப் பிறகு ஃப்ரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைப்பது அதனால்தான்.

படி 7: மீட்டர்

ஸ்டெப்பர் மோட்டார் என்றால் கனெக்டரைப் பிடுங்கி, மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடையை அளக்கும் நிலையில் வையுங்கள். உள்ளே இரண்டு சுருள் உண்டு. நான்கு ஒயர் என்றால் இரண்டு ஜோடி. எந்த எண் வர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், பெரும்பாலும் சில நூறு ஓம். எண்ணைவிட முக்கியம் இரண்டு சுருளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்பது. ஒன்று எண் காட்டி மற்றது எதையும் காட்டாவிட்டால் டேம்பர் நிச்சயம் போய்விட்டது. மீட்டரை வைத்தபடியே ஒயரை மெல்ல ஆட்டிப் பாருங்கள், எண் துள்ளினால் ஒயர் உள்ளே முறிந்திருக்கிறது.

12 வோல்ட் பேட்டரியை நேரே கொடுத்து "சுத்துதா" என்று பார்ப்பவர்கள் உண்டு. ஸ்டெப்பர் அப்படிச் சுற்றாது, ஒரு துள்ளல் துள்ளி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல டேம்பரைக் குப்பையில் போடுவார்கள். பழைய 230 வோல்ட் வகையில் கரண்ட் ஓடும்போது கை வைக்க வேண்டியிருக்கும், அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

படி 8: சென்சாரும் கடற்காற்றும்

இனி முட்டத்து வீட்டுக்கு வருவோம். அங்கே மேலே மைனஸ் 18, கீழே 13. பட்டன் சரி, தட்டுகள் சரி. பிளக்கை மாட்டியதும் "டிர்ர்ர்" தெளிவாகக் கேட்டது. தகடு திறந்தது, பேப்பர் ஆடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி "டிர்ர்ர்", பேப்பர் தொங்கிவிட்டது. பனியும் இல்லை. டேம்பர் ஒழுங்காக ஓடி, ஒழுங்காக மூடிக்கொண்டது. மூடு என்று யாரோ சொல்கிறார்கள்.

சொல்வது போர்டு, போர்டுக்குத் தகவல் கொடுப்பது கீழ் அறைச் சென்சார். இந்தச் சென்சாரில் குளிர் கூடக்கூட ஓம்ஸ் கூடும். அதனால் ஓம்ஸ் அதிகம் என்றால் குளிர் அதிகம் என்று போர்டு எடுத்துக்கொள்ளும். இப்போது கனெக்டரின் பின்னில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பிடித்தால் என்ன ஆகும்? துருவும் ஒரு தடை, சென்சாரின் ஓம்ஸோடு அதுவும் சேரும். உள்ளே 13 டிகிரி இருக்கும்போது 3 டிகிரி என்று போர்டு நம்பும். "போதும், மூடு." எந்த எரர் கோடும் வராது, ஏனென்றால் போர்டைப் பொறுத்தவரை எதுவுமே தப்பில்லை.

சென்சாரைச் சோதிக்க ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்குங்கள், அது 0 டிகிரியில் நிற்கும். சென்சாரை அதில் ஐந்து நிமிஷம் வைத்து ஓம்ஸ் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அறைச் சூட்டில். ஐஸில் எண் நன்றாக ஏறி, வெளியே எடுத்ததும் சீராக இறங்கினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. உங்கள் மாடலின் அட்டவணை கிடைத்தால் 0 டிகிரி எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். அதே வகைச் சென்சார் இன்னொன்று கையில் இருந்தால் இரண்டையும் ஒரே டம்ளரில் போட்டுப் பார்ப்பது இன்னும் எளிது. பிறகு அதே அளவைப் போர்டின் பக்கத்துக் கனெக்டரிலிருந்தும் எடுங்கள். சென்சாரின் வாயில் ஒரு எண், போர்டுப் பக்கம் அதைவிடப் பெரிய எண் என்றால் நடுவில் துரு.

முட்டத்தில் அதுதான். கனெக்டரைப் பிரித்தபோது இரண்டு பின்னில் ஒன்று பாசி பிடித்த ஆணி மாதிரி இருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, துலக்கி, பின்னை இறுக்கி, முழுசாக உலர்ந்த பிறகு மாட்டினேன். மறுநாள் காலை கீழே 4 டிகிரி. குளச்சல், கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் வேலைக்குப் போனால் டேம்பரைத் தொடுவதற்கு முன் கனெக்டர்களைப் பிரித்துப் பார்ப்பது எனக்கு இப்போது வழக்கம். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் துரு குறைவு. அங்கே இடியும் வோல்டேஜும்தான் போர்டைத் தின்னும்.

சென்சார், ஒயர், மோட்டார் மூன்றும் நலம், ஆனாலும் டேம்பர் அசையவில்லை என்றால்தான் போர்டு. பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் எறும்புக் கூடோ கருகிய பல்லியோ கிடக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் இன்வெர்ட்டர் போர்டில் கரண்ட் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். இந்த இடத்தில் வீட்டுக்காரர் கையை எடுத்துக்கொள்வது நல்லது.

கீழே உறைந்து போனால்

தோவாளையில் பூ கட்டும் ஒரு அக்கா, மிஞ்சும் பிச்சிப்பூவை ஃப்ரிட்ஜில் வைப்பார். ஒரு வாரமாகப் பூ காலையில் வெந்தது மாதிரிப் பழுப்பாகி வந்தது. வெள்ளரிக்காயை வெட்டினால் உள்ளே ஐஸ். இது டேம்பர் மூடாமல் திறந்தே நிற்பதன் அடையாளம்.

ஆனால் முதலில் இடம் பாருங்கள். காற்றுத் துளைக்கு ஒட்டி வைத்த எதுவும் நல்ல ஃப்ரிட்ஜிலும் உறையும். டம்ளர் தெர்மாமீட்டரை நடுத் தட்டில் வைத்து, அங்கும் 0 காட்டினால்தான் பழுது. பிறகு படி 4-இல் சொன்ன சத்தம், படி 6-இல் சொன்ன பஞ்சுப் பட்டை, அதற்கப்புறம் சென்சார். சென்சார் கோளாறு இங்கே தலைகீழாக வேலை செய்யும். சென்சாரின் உறைக்குள் ஈரம் இறங்கி இரண்டு ஒயருக்கும் நடுவே கசிவு வந்தால் ஓம்ஸ் குறையும், சூடாக இருக்கிறது என்று போர்டு நினைக்கும், டேம்பரைத் திறந்தே வைக்கும். தோவாளையில் சென்சார் நலம். பஞ்சுப் பட்டை ஒரு பக்கம் முழுசாக உரிந்து சுருண்டிருந்தது, தகடு மூடினாலும் ஒரு விரல் நுழையும் சந்து. டேம்பர் அந்தப் பட்டையோடு சேர்ந்தேதான் வரும், அதனால் மாற்றினேன். அந்த வருஷம் நான் மாற்றிய டேம்பர்களில் உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்த சிலதில் அது ஒன்று.

மூடும் முன்

புது டேம்பர் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். ஒயர் எண்ணிக்கை, கனெக்டர், தகடு திறக்கும் பக்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மாடல் எண் கதவுக்கு உள்பக்கமோ ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

மாட்டியதும் பெட்டியை உடனே மூடிவிடாதீர்கள். உதிர்ந்த தெர்மாகோலை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். கரண்ட் கொடுத்துத் தகடு ஒரு தடவை போய் வருவதைக் கண்ணால் பாருங்கள். அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கி, அலுமினிய டேப்பைப் புதுசாகச் சுற்றி ஒட்டுங்கள். பழைய டேப் ஈரத்தில் பிடிக்காது, சந்து விட்டால் அங்கே பனி பிடிக்கும். டேப்பின் மேல் மார்க்கரால் தேதியும் செய்த வேலையும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு யாராவது திறந்தால் அவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.

பிறகு டம்ளரையும் தெர்மாமீட்டரையும் நடுத் தட்டில் வைத்து, மீனைப் பக்கத்து வீட்டிலிருந்து நாளைக் காலை வாங்கிக்கொள்ளுங்கள்.